விருந்தாளிக்காகத் தூர்த்த குழிகள்

அன்பு மகன் ஹம்முவுக்கு அம்மா எழுதுவது. உன் அப்பாவின் இருமலைத் தவிர இங்கே எல்லாரும் அல்லாஹ் கிருபையால் சுகம், லியோனில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நான் நெய்து அனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொள், பெட்டியில் பூட்டி வைக்காதே.

ரோடு என்னாச்சு என்று போனில் கேட்டாயாம், அப்பா "ஆகுது" என்றாராம். ஒன்றும் ஆகவில்லை. புதுச் சாலைச் சட்டம் வந்ததல்லவா, பெட்ரோலுக்கு நாம் கட்டும் வரி ஒரே நிதியில் சேரும், மோசமான ரோட்டுக்கு அதிலிருந்து முதலில் பணம் போகும், எது மோசம் என்று எஞ்சினியர் நேரில் பார்த்து எழுதுவார் என்று வானொலியில் சொன்னார்கள். எஞ்சினியர் வரப்போகிறார் என்று முகத்தம் பஸ்ஸு வந்து சொன்னதும், அதுதான், நம்மைப் பற்றி அரசாங்கத்திடம் கோள் சொல்வதற்கே சம்பளம் வாங்குகிறானே அவன், நம் ஊர் மேதைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? திவீசி போட்டார்கள். கல்யாணத்துக்கும் அறுவடைக்கும் கூடுகிற மாதிரி ஊரே கூடி, கூலியில்லாமல், ஆற்றிலிருந்து பள்ளிவாசல் வரை ஒரு குழி விடாமல் மண் போட்டுத் தூர்த்தார்கள். "விருந்தாளி குலுங்கிக்கிட்டு வந்தா ஊருக்குக் கேவலம்" என்றார் உன் அப்பா. குழியைப் பார்க்கத்தானே அவர் வருகிறார் என்றேன். "பொம்பளைங்களுக்கு மரியாதை தெரியாது" என்றான் பஸ்ஸு.

வந்தவர் பெயர் பெர்ராதா. காரில் தூங்கிக்கொண்டே வந்தார், அவ்வளவு நல்ல ரோடு. நம் ஆட்டுக்கறியைத் தின்றார், "எங்க ஊர்லகூட இப்படி ரோடு இல்ல" என்றார், விரலைத் துடைத்துக்கொண்டு நல்ல நிலை என்று எழுதிவிட்டுப் போனார். பணம் நகரத்து ரவுண்டானாவுக்குப் போயிற்று, நடுவில் நீரூற்று வைக்கிறார்களாம். முதல் மழையில் நம் மண் எல்லாம் ஆற்றுக்குப் போயிற்று. மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டால், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறைதான் பார்க்கவேண்டும் என்று சட்டமாம். பொது ரோட்டில் நாம் குழி வெட்டினால் ஜெயிலாம், தானாக விழுந்த குழியை அவர்கள் அப்படியே விட்டால் குற்றமில்லையாம். அதை எழுதியவன் நம் ரோட்டில் ஒரு கழுதையைக்கூட ஓட்டியிருக்கமாட்டான்.

இதற்குள் உன் தங்கை தூடாவுக்கு மாதம் நிறைந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் பெறவேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். ஆம்புலன்ஸ்காரன் ஆற்றைத் தாண்டி வரமாட்டேன் என்றான். கோவேறு கழுதைதான் மிச்சம். நான் தூங்கவில்லை ஹம்மு.

அந்த வாரம்தான் பெர்ராதா திரும்ப வந்தார், ரோட்டுக்காக இல்லை, பஸ்ஸு தருவதாகச் சொன்ன மலைத்தேனுக்காக. வாதுமை மரத்தடிக் குழியில் கார் இறங்கிவிட்டது. "திவீசி! ஓடியாங்க!" என்று பஸ்ஸு கத்தினான், நம் ஆண்பிள்ளைகளும் வெட்கமில்லாமல் மண்வெட்டியோடு ஓடினார்கள். நான் குறுக்கே நின்றேன், மற்றப் பெண்களும் வந்து நின்றார்கள். "தேநீர் தர்றோம், வண்டியையும் தூக்கிவிடுறோம். ஆனா குழியில ஒரு கூடை மண்ணுகூட விழாது. தூக்கின வண்டியில என் மக ஏறுவா" என்றேன். "அரசாங்க வண்டியில வெளியாளை ஏத்தச் சட்டம் இல்லம்மா" என்றார் அந்த மகராசன். "எங்க ரோட்டுக்கு வராத சட்டம் உங்க வண்டிக்கு மட்டும் வருதா?" என்றேன். உன் அப்பா என்னை ஒருமுறை பார்த்தார், மண்வெட்டியைக் கீழே போட்டார், போய்க் கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு குழிக்கும் தூடா அலறினாள். பெர்ராதா முன்சீட்டில் "மெதுவா, மெதுவா" என்றபடி இருந்தார், "இதுக்கு மேல மெதுவான்னா நிறுத்தத்தான் வேணும் ஐயா" என்றான் டிரைவர். ஆற்றுக்கு வந்ததும் என் பக்கம் திரும்பி, "போன தடவை இதெல்லாம் இல்லையே?" என்றார். "இருந்துச்சு. நீங்க சாப்பிட வர்றீங்கன்னு மூடிட்டோம்" என்றேன்.

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள், பெண் குழந்தை, இருவரும் பிழைத்தார்கள். ரோட்டைப் பார்க்க முறைப்படி மறுபடி வருவதாக அவர் சொல்லியனுப்பியிருக்கிறார், நான் நம்பவில்லை. உன் அப்பா நம்பிவிட்டார், நேற்றிலிருந்து மண்வெட்டியைத் தேடுகிறார். ஒளித்து வைத்திருக்கிறேன்.

அல்லாஹ் உன்னைக் காப்பான், வேளைக்குச் சாப்பிடு. தூடாவின் மகளைப் பார்க்க வரும்போது யாரிடமும் சொல்லாமல் வா. சொன்னால் உனக்கும் குழியை மூடிவிடுவார்கள்.

உன் அம்மா,
இத்தோ