லயமும் லாயமும்

என் பிரியமுள்ள அண்ணா,

உன் குதிரை கறுப்பி குட்டி போட்டுவிட்டாள். உனக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். நெற்றியில் வெள்ளைப் பொட்டோடு ஒரு பெட்டைக் குட்டி. அண்ணியின் தம்பி கறுப்பியை நுவரெலியா ஏரிக்கரைக்குச் சவாரிக்குக் கொண்டுபோனால், எல்லோரும் பின்னால் ஓடிவரும் குட்டியைத்தான் படம் பிடிக்கிறார்களாம்.

நீ கறுப்பியை வாங்கிவந்த அன்று பந்தயத் திடல் ஆட்கள் சிரித்தது நினைவிருக்கிறதா? அங்கே ஓடும் குதிரைகளுக்கெல்லாம் அப்பன், தாத்தா, பூட்டன் என்று பேர் எழுதிய பத்திரம் உண்டு. "இதுக்கு அப்பன் யாருய்யா?" என்றார்கள். "ஏறப்போறது குதிரை மேலயா, பத்திரத்து மேலயா?" என்று கேட்டாய். உன் வாய் எப்போதும் அப்படித்தான்.

அந்த வாய்தான் உன்னைக் கெடுத்தது என்று ஆறு வருடம் நினைத்திருந்தேன். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை மறுத்திருந்தார்கள்; எனக்கு அது கணவர் வழியில் கிடைத்துவிட்டது. உனக்கு இல்லை. உன் மனுவோடு நானும் துணைக்கு வந்தேன். அந்த அலுவலகத்தில் இருந்த யாழ்ப்பாணத்து ஐயா, முகவரியில் நீ எழுதிய 'லயம்' என்பதை வெட்டி 'லாயம்' என்று திருத்தினார். "எழுத்துப் பிழை, தம்பி. லாயம் எண்டுதான் வரும்." பாவம், தோட்டத்து வீட்டு வரிசையை நாம் லயம் என்பது அவருக்குத் தெரியவில்லை. பிறகு கேட்டார்: "தகப்பன் எங்கை பிறந்தவர்? தகப்பன்ர தகப்பன்?"

அப்பாதான் எல்லாப் பத்திரத்தையும் தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு, நம்மை விட்டுவிட்டு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டாரே.

"குதிரை இருக்கிறதுதாங்க லாயம். அப்பன் பேரு, பாட்டன் பேரு கேக்கிறதும் அதுக்குத்தான். நான் குதிரைன்னே முடிவு பண்ணிட்டீங்களா?" என்றாய். வரிசையே சிரித்தது. மனு உன் கைக்கே திரும்பி வந்தது.

நானுஓயா பஸ்ஸில் உன்னைப் பிடித்து விளாசினேன். "படிக்காதவனுக்கு வாயையாவது மூடத் தெரியணும்." அடுத்த மழையில் நெஞ்சுச் சளி வந்து, பிரஜை ஆகாமலே கண்ணை மூடிவிட்டாய். நான் மன்னிப்புக் கேட்கவேயில்லை. ஏன் கேட்கவில்லை, அண்ணா?

போன மாதம் பள்ளியில் நான் எடுக்கும் விஞ்ஞான வகுப்புக்காக ஒரு கட்டுரை படித்தேன். குதிரைகளின் மரபணுவைப் பார்த்திருக்கிறார்கள். தகப்பன் வழியில் தேடினால், உலகத்துக் குதிரைகள் ஏறக்குறைய எல்லாம் ஒருசில ஆண் குதிரைகளிடம் போய் முடிகின்றனவாம். தாய் வழியில் தேடினால் எக்கச்சக்கமான கிளைகள். மனிதன் குதிரையைப் பழக்கிய காலத்தில், போன இடமெல்லாம் காட்டுப் பெட்டைகளைப் பிடித்து மந்தையில் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறான் என்கிறார்கள். எந்தப் புல்வெளியிலிருந்து யார் வந்தார்கள் என்ற கதை தாய்களிடம்தான் தங்கியிருக்கிறது. படித்ததும் கறுப்பியைத்தான் நினைத்தேன். பிறகு நம் அம்மாவை.

ஏனென்றால், உன் மகள் செல்விக்கு அடையாள அட்டை வந்துவிட்டது! இப்போது சட்டம் மாறிவிட்டது. அந்தக் காலம் முதல் இங்கேயே இருந்த குடும்பம் என்று காட்டினால் போதும். நம்மிடம் காட்ட என்ன இருந்தது? தோட்டத்து ஆஸ்பத்திரியின் பழைய பிரசவப் பதிவு. உன் பிறந்த நாளுக்கு நேரே அம்மா பேரில், "ராமாயி, ஆண் குழந்தை." அப்பன் பேருக்கு அதில் கட்டமே இல்லை. அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. செல்வியின் மனுவில் 'லயம்' என்றே இருக்கிறதா என்று நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நேற்று ஏரிக்கரையில் ஒருவர் குட்டிக்கு அப்பன் யார் என்று கேட்டார். "அம்மா பேரு கறுப்பி. அது போதாதா?" என்றாள் செல்வி, அச்சு அசலாக உன்னைப் போல.

நான் அவளை அதட்டவில்லை, அண்ணா. இனி ஒருநாளும் அதட்டமாட்டேன்.

உன் தங்கச்சி,
ராமாயி மகள்