பழையதை நீக்கும் வரி

நவ. 1, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. மலை பாதிக்கு மேல் தெரியவில்லை.

சொல்பெட்டி 2.3 ஒருவழியாக முடிந்தது. மென்பொருளில் வேலை நாலு நாள், அதை லினக்ஸ் கணினிகளில் ஏற்றுகிற மாதிரி பேக்கேஜ் கட்ட ஒன்பது நாள். ஒவ்வொரு லினக்ஸும் ஒரு தினுசு. இதற்குக் கட்டினால் அதில் ஏறாது. யார் கேட்டார்கள் இந்த வேலையை? யாரும் கேட்கவில்லை. இலவசமாகக் கொடுத்துவிட்டு இலவசமாகத் திட்டு வாங்குகிறேன்.

பாக்கி:
- ஐகான் மங்கல்
- பழைய கணினியில் எழுத்து உடைகிறதா, பார்க்க
- காஸ் புக் பண்ண
- அக்காவின் மாத்திரை

மாலை அடி அண்ணாமலை, கிரிவல ரோட்டில் அக்காவின் கடை. எந்தப் பதிப்பும் முதலில் கலா அக்காவின் லேப்டாப்பில்தான். இரண்டு வருஷம் முன் தொண்டையில் ஆபரேஷன், குரல் போய்விட்டது. அவளுக்காக எழுதியதுதான் சொல்பெட்டி. டைப் பண்ணினால் கணினிக் குரல் பேசும். பட்டனை அழுத்தினால் அக்காவின் சொந்தக் குரல். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் உட்கார்ந்து பதிந்தது, 143 வாக்கியம். கடையில் "எவ்ளோ வேணும்", "சில்லற இல்லீங்களா", "செருப்ப அங்க வுடாதீங்க" எல்லாம் அவள் குரலிலேயே.

2.3 ஏற்றினேன். கணினிக் குரல் புதுசு, முன்னைவிடத் தெளிவு. அக்கா தலையாட்டினாள். மழை வலுத்ததால் பட்டன்களைச் சோதிக்காமல் கிளம்பிவிட்டேன்.

நவ. 2, ஞாயிறு

வெயில். டீ இரண்டு.

அக்கா ஒரு நாள் பயன்படுத்திய பிறகுதான் இணையத்தில் போடுவது வழக்கம். பொறுக்கவில்லை. ஒன்பது மணிக்கே போட்டேன்.

பத்தரைக்கு மாமா போன். அக்காவின் வீட்டுக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மச்சான், பட்டன அமுக்குனா பேச மாட்டுதுப்பா. டைப் அடிச்சா பேசுது."

"ஸ்பீக்கரா இருக்கும் மாமா. வரேன்."

ஸ்பீக்கர் இல்லை. பதிவுகள் இருந்த கோப்புறை காலி. ஒன்றுகூட இல்லை.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரிப்பேர்தான்க்கா, எடுத்துட்டுப் போய் சரி பண்ணி எடுத்துட்டு வரேன்" என்றேன். லேப்டாப்பைப் பையில் போடும்போதுதான் உறைத்தது, அவள் வாயைத்தான் எடுத்துப் போகிறேன் என்று.

ரூமுக்கு வந்ததும் முதல் வேலை, 2.3ஐ இணையத்திலிருந்து நீக்கியது. இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் யார் யார் எடுத்தார்களோ.

நவ. 3, திங்கள்

தூக்கம் சரியில்லை. மழை இல்லை. ஆபீஸுக்கு லீவு சொன்னேன், வயிற்று வலி என்று.

காரணம் கிடைத்தது. நானே எழுதிய ஒரு வரி.

பேக்கேஜுக்குள் ஒரு குட்டி ஆணைத்தொடர் இருக்கும். மென்பொருளை நீக்கும்போது தானாக ஓடும். என் கணினியில் தினம் பத்துத் தடவை ஏற்றி நீக்கிச் சோதிப்பதால், குப்பை சேராமல் இருக்க "கோப்புறையையும் அழி" என்று எழுதி வைத்திருந்தேன். வெளியே கொடுப்பதற்குமுன் எடுக்க வேண்டும். மறந்தேன். 2.2இல் அப்படியே போய்விட்டது. புதுப் பதிப்பு ஏறும்போது பழையதன் அந்தத் தொடரும் ஓடும். நீக்குகிறார்களா, புதுப்பிக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அழிக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. முட்டாள்.

ஆக 2.2 வைத்திருக்கும் எல்லார் கணினியிலும் அந்த வரி உட்கார்ந்திருக்கிறது. நான் திருத்தி அனுப்பினாலும் அந்தத் திருத்தம் ஏறுகிறபோதே அழித்துவிடும்.

அவர்களிடம் சொல்லலாம் என்றால் யாரிடம்? யார் எடுத்தார்கள் என்று குறித்து வைப்பதில்லை. பேர் கேட்க மாட்டேன், மெயில் கேட்க மாட்டேன், யாரையும் வேவு பார்க்க மாட்டேன் என்று முகப்பில் பெருமையாக எழுதியிருக்கிறேன். இன்று அதைப் படிக்கவே எரிச்சல். தளத்தில் சிவப்பில் எச்சரிக்கை போட்டேன். யார் தினம் வந்து படிக்கப்போகிறார்கள்?

அழிந்ததை மீட்கும் மென்பொருளை அக்காவின் ஹார்ட் டிஸ்கில் ஓட விட்டேன். 4%. செங்கம் ரோடு வரை நடந்தேன். திரும்பினேன். 9%. மறுபடி நடந்தேன்.

நவ. 4, செவ்வாய்

மேகம். இன்று ராத்திரியே பௌர்ணமிக் கூட்டம். மூன்று மணிக்கே வண்டிகளைத் திருப்பி விடுகிறார்கள். ரோட்டில் வெளியூர்ப் பாட்டி ஒருத்தி, "கோயில் எந்தப் பக்கம் சாமி". காட்டினேன். தப்பான பக்கம். ஓடிப்போய்த் திருத்தினேன்.

மீட்பு முடிந்தது. பதினொரு துண்டு. ஒன்பதில் வெறும் இரைச்சல். ஒன்றில் "செருப்" வரை. இன்னொன்றில் மூச்சு மட்டும், பேசத் தொடங்கும் முன் எடுத்த மூச்சு. அதை ஆறு தடவை கேட்டேன். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன்.

மற்றவை இருந்த இடத்தில் புதுக் கணினிக் குரலின் கோப்பு பதிந்திருக்கிறது. பெரிய கோப்பு. தெளிவாக இருக்க வேண்டும் என்று நான்தான் பெரிசாகச் செய்தேன்.

வேறு படி எங்கும் இல்லை. ஊருக்கெல்லாம் "ஒரு காப்பி எடுத்து வைங்க" என்று சொல்கிறவன்.

மாலை மாமா போன். "கடைல செம கூட்டம். உங்க அக்கா பிஸ்கெட் அட்டைல எழுதிக் காட்டினு கீறா. பாதிப் பேருக்குப் படிக்க டைம் இல்ல. எப்பப்பா தருவ?"

"நாளைக்கு மாமா."

நவ. 5, புதன்

மழை, நல்ல மழை. சாப்பிட்டேனா? இட்லி, ஆமாம்.

புதுப் பதிப்பு ஏறுகிற வரிசையை ஒவ்வொரு படியாகப் பார்த்தேன். பழையதன் அழிக்கும் தொடர் ஓடுவதற்கு முன்னால், புது பேக்கேஜின் முதல் தொடருக்கு ஒரு முறை வருகிறது. கொஞ்ச நேரம்தான். அது போதும். புதியது முதலில் நுழைந்து பதிவுகளைத் தூக்கி வேறிடத்தில் ஒளித்து வைக்க வேண்டும். பழையது வந்து காலிக் கோப்புறையை அழித்துக்கொள்ளட்டும். கடைசியில் திருப்பி வைத்துவிடலாம்.

2.3.1. இருபது தடவை சோதித்தேன். என் குரலில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று பதிந்து பதிந்து. எல்லாத் தடவையும் பிழைத்தது. போட்டுவிட்டேன்.

சந்தோஷமில்லை.

லேப்டாப்பை இன்று தரவில்லை. மாமாவிடம் மழைமேல் பழி போட்டேன்.

நவ. 7, வெள்ளி

ஈர வெயில். மெயில் ஒன்று, முன்பின் தெரியாத ஆள். அப்பாவுக்குப் பக்கவாதத்தில் பேச்சு குறைந்துகொண்டே வருகிறதாம், மிச்சம் இருக்கும்போதே பதிந்து வைத்திருக்கிறார்களாம். "புதுசு ஏற்றினோம், அப்பா குரல் எல்லாம் பத்திரம், பட்டன் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேவலை." நாலு தடவை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை எடுத்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடமிருந்து ஒன்றும் இல்லை.

பதினோரு மணிக்கு அடி அண்ணாமலை. கடையில் கூட்டமில்லை. லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த முன்னுரை மறந்துவிட்டது.

"அக்கா, உன் குரல் போயிடுச்சு. ரிப்பேர்லாம் இல்ல. நான் எழுதுன வரிதான் அழிச்சிடுச்சு. திரும்ப வராது."

மாமா தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிறுத்திவிட்டார். அக்கா ஒவ்வொரு பட்டனாக அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தாள். பிறகு டைப் பண்ணினாள். புதுக் கணினிக் குரல் படித்தது.

"மத்தவங்களுது?"

"அவங்களுது காப்பாத்தியாச்சு. மொதல்ல உன்னுதுல ஏத்துனதாலதான் தெரிஞ்சுது."

ரோட்டில் பஸ் ஒன்று போனது. மறுபடி டைப் பண்ணினாள்.

"உன்ன திட்டறதுக்குன்னே ஒண்ணு பேசி வச்சிருந்தேன். அதும் போச்சா?"

"போச்சுக்கா."

இரண்டு விரலால், தப்பாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தாள். அறிவு கெட்டவனே, உனக்கெல்லாம் எதுக்குடா கம்ப்யூட்டர். பஸ் ஸ்டாண்டில் அடுத்த வண்டி சொல்கிற மாதிரி அந்தக் குரல் நிதானமாக, மரியாதையாகப் படித்து முடித்தது. கோபமெல்லாம் அக்கா முகத்தில்தான்.

அக்கா ஒலியை முழுசாக ஏற்றிவிட்டு, அதே திட்டைப் படிக்கச் சொல்லி மறுபடியும் அழுத்தினாள்.