ஊட்டியில் பிறந்த புறா

பிப்ரவரி 9, 2025

கோட்டைக்குப்பத்தில் எல்லாரும் மீனுக்காக ஏரியைப் பார்த்து வாழ்கிறார்கள். என் வீட்டுக்காரர் ரஞ்சித்குமார் மட்டும் வானத்தை அண்ணாந்து பார்த்தே வாழ்கிறார். டிசம்பரில் ஒரு ஜோடிப் புறாவைக் கொண்டுபோய் ஊட்டியில் என் தங்கை வித்யா வீட்டில் விட்டுவிட்டு வந்தார். "மலைல காத்து கம்மி, நிவேதா. அங்க வளர்ற குஞ்சுக்கு நெஞ்சுக்கூடு பெருசாவும். அப்பறம் பாரு, பந்தயத்துல எறங்கவே எறங்காது!"

என் பிரசவத்துக்குக்கூட மனுஷன் இவ்வளவு யோசிக்கவில்லை.

மார்ச் 2

குஞ்சு வந்துவிட்டது. ஊட்டியிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். இன்னும் பறக்கப் பழகாததால் நம் கூண்டையே வீடாக நினைத்துக்கொள்ளுமாம்.

மார்ச் 11

மாட்டு டாக்டர் எலிசபெத்திடம் காட்டினோம். "வளர்ற வயசுல மலைல இருந்தா இதயம், நுரையீரல் கொஞ்சம் பெருசாகலாம். அது அப்படியே நிக்கும். ஆனா ரத்தத்துல கூடின சிவப்பணு இங்க வந்தா கொறஞ்சிடும்" என்றார். இவருக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது.

ஏப்ரல் 15

சண்டை. மொட்டைமாடி முழுக்கக் கூண்டு, எச்சம். ஒரு புடவை காயப்போட இடமில்லை. பந்தயத்தில் தோற்றால் கூண்டையே பிரித்துவிடுவதாகச் சத்தியம் செய்தார். தோற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தப்பா? தப்பில்லை.

மே 18

பந்தயம். அதிக நேரம் இறங்காமல் பறக்கும் புறாதான் ஜெயிக்கும். ஆனால் மணிக்கு ஒரு தடவையாவது நடுவர் கண்ணில் பட வேண்டும். நம்முடையது ஏறியது, ஏறியது, புள்ளியாகி அந்தப் புள்ளியும் போய்விட்டது. நடுவர் மாரி அண்ணன் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே, "ரஞ்சித்து, மேலதான் கீது. ஆனா கண்ணுக்குத் தெர்லியே, நான் இன்னா பண்றது? அவுட்டு" என்றார்.

இருட்டியும் புறா வரவில்லை. இவர் சாப்பிடாமல் ஸ்பேனரோடு மாடிக்குப் போனார். சத்தியமாம்! எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ— "இப்போ பிரிச்சா அது எங்க வந்து எறங்கும்? அறிவு கீதா உங்களுக்கு?" ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டேன்.

மே 19

வரவில்லை.

மே 20

வரவில்லை. கூண்டைக் கழுவிச் சோளம் வைத்தேன். நான் வேண்டியதால்தானோ?

மே 21

விடிகாலையில் வந்து இறங்கியது. வால் இறகு இரண்டு இல்லை. இவர் அழுதார். நானும்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்போ பிரிச்சிடட்டா?" என்று கேட்கிறார். புறாவுக்குத் தண்ணீர் எடுக்கக் கீழே வந்துவிட்டேன்.

மே 23

வித்யாவுக்கு போன் போட்டு, அடுத்த ஜோடியை எப்போது ஊட்டிக்கு அனுப்பலாம் என்று கேட்டேன். இவரிடம் இன்னும் சொல்லவில்லை. கூண்டு இருக்கட்டும் என்று கொஞ்ச நாள் கெஞ்சட்டும்.