மணியடித்தால் தலையில் கை

6.10.1957, ஞாயிறு
சைனம்புவைப் பார்த்துவிட்டு வந்தேன். என் தங்கைக்கு முப்பது வயது. பேச்சு வராது, புத்தி நாலு வயதோடு நின்றுவிட்டது. இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கும் இல்லத்தில் விட்டு ஐந்து மாதம். மாதத்தின் முதல் ஞாயிறுதான் பார்க்கும் நாள். வெள்ளைச் சேலை கட்டி, தலை சீவி, வராந்தாவில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். சாப்பாட்டு மணி அடித்ததும் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டாள். எனக்குச் சிலிர்த்துவிட்டது. வீட்டில் பள்ளிவாசல் பாங்கு கேட்டால் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்வாளே!
என் மனைவி காதர் பீவியிடம் சொன்னேன். "மணியைப் பாங்குன்னு நெனச்சுக்கிட்டா போல. மறக்கல பாரு."

11.10.1957
வேடசந்தூரிலிருந்து மகள் ஆரிபாவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையின் தகப்பனார் முனீர் ராவுத்தர் சாப்பிட்டபடியே கேட்டார், "கூடப் பொறந்தவுக எத்தன பேரு?"
"நான் ஒருத்தன்தான்."
சட்டென்று வந்துவிட்டது. இதைச் சொல்லத்தானே சைனம்புவைக் கொண்டுபோய் விட்டேன்.

23.10.1957, புதன்
வியாபாரத்துக்குத் தோல் வாங்க அந்தப் பக்கம் போனவன், நாள் பார்க்காமல் இல்லத்துக்குள் நுழைந்தேன். கொட்டகையில் இருபது பெண்கள் வரிசையாகத் தரையில். சைனம்புவின் சேலை நனைந்து நாறியது. ஆயா மணியை அடித்தாள். மறுகையில் பிரம்பு.
வரிசையில் அத்தனை பேரும் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். சைனம்புவுக்கு அடுத்தவள் ஒச்சம்மாள், உழவு பார்க்கும் ஏதோ சம்சாரி வீட்டு இந்துப் பெண். அவளுக்கு ஏது பாங்கு?
"சொல்லாமக் கொள்ளாம வந்தா எப்படிங்கய்யா?" என்றாள் ஆயா. "ஒருத்தி சோத்த ஒருத்தி புடுங்குறாளுக. ரெண்டு போட்டாத்தான் அடங்குறாளுக."
அப்போதே கூட்டி வந்திருக்கலாம். சைனம்பு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஆரிபாவின் நிக்காஹுக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வந்தேன். தூ — நானெல்லாம் ஒரு அண்ணன்.

24.10.1957
காதர் பீவியிடம் சொல்லவில்லை.

10.11.1957
நிக்காஹ் முடிந்தது. சைனம்புவைக் கூட்டி வர நாளைக்கே போகிறேன்.

1.12.1957, ஞாயிறு
பார்க்கும் நாள். போகவில்லை. சம்பந்தி வீட்டு விருந்து. சோறு தொண்டையில் நன்றாகவே இறங்கியது, அதுதான் கேவலம்.

29.12.1957
ஆரிபா வந்திருக்கிறாள். அடுப்படியில் என்னைப் பார்க்காமலேயே சொன்னாள்: "எனக்குச் சைனம்புன்னு ஒரு மாமி இருக்குன்னு அவுகட்ட சொல்லிட்டேன் அத்தா. 'ஏன் வீட்ல இல்ல?'ன்னு கேட்டாக. எனக்குச் சொல்லத் தெரியல."
அவ்வளவுதானா? இதற்கா எட்டு மாதம்? எனக்கு மட்டும் என்ன, சொல்லத் தெரியுமா?

3.1.1958, வெள்ளி
நேற்று சைனம்புவைக் கூட்டி வந்துவிட்டேன். முதுகில் இருந்த தழும்புகளைக் காதர் பீவி குளிப்பாட்டும்போது பார்த்தாள். "நீங்க முன்னாடியே பாத்தீகளா?" என்றாள். தலையாட்டினேன்.
இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். காதர் பீவி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டாள். சைனம்புவின் முந்தானை தோளில் கிடந்தது. அவள் இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு சுவரோரம் குந்திவிட்டாள்.