இமைக்காத விவசாயி

ஜூன் 8, ஞாயிறு

விவசாயிகளுக்கு அரசாங்கம் போடுகிற கிசான் பணம் அப்பாவுக்கு மூன்று தவணையாக வரவில்லை. அப்பாதான் அப்பாவா என்று அரசாங்கத்துக்குச் சந்தேகமாம். கட்டைவிரல் வைத்து நிரூபிக்க வேண்டும். ஆனால் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் ஆறு மாதம் சுண்ணாம்புத் தொட்டியில் கைவிட்டுத் தோல் அலசியதில் அப்பாவின் ரேகையெல்லாம் கரைந்துவிட்டது.

"இந்தக் கைய வெச்சிகினு திருடப் போனா போலீஸே புடிக்க முடியாதுப்பா" என்றேன்.

அம்மாவிடமிருந்து செருப்பு பறந்தது. செருப்புக் கம்பெனியில் ரிஜெக்ட் ஆன செருப்புதான். குறி மட்டும் ரிஜெக்ட் ஆகவில்லை.

ஜூன் 10

பணம் வந்தால் வேர்க்கடலை விதை. வராவிட்டால் நிலத்தைப் பக்கத்துக் கழனி வேதாசலம் மாமாவுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அப்பா நிரந்தரமாகத் தோல் ஷாப்புக்கே. சாப்பிடும்போது சொன்னார், ஊறுகாய் கேட்கிற குரலில்.

ஜூன் 13

இ-சேவை மையம். கைரேகை இல்லாவிட்டால் முகம் போதும் என்றார் மையத்தை நடத்தும் ஷஹீன் பானு அக்கா. போனைப் பார்த்துக் கண் சிமிட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அப்பா சட்டையை இழுத்துவிட்டார். மூச்சை அடக்கினார். முட்டைக்கண்!

"அண்ணா, சிமிட்டுங்க."

"போட்டோ கெட்டுடுமேம்மா."

"கெடாதுண்ணா! இன்னாண்ணா, பேஜார் பண்றீங்க?"

பின்னால் நின்ற வரிசையே சிமிட்டிக் காட்டியது. அப்பா மட்டும் ம்ஹூம்.

காரணம் எனக்குத் தெரியும். கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் விடாமல் அப்பாவுக்குக் கண் மூடியிருக்கும். "தூக்கத்துல தாலி கட்டுனவரு" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். அதிலிருந்து கேமரா என்றாலே அப்பா இமைக்குப் பூட்டு.

ஜூன் 15

ஷஹீன் அக்கா அந்த முகம் பார்க்கிற ஆப்பை அம்மா போனில் போட்டுக் கொடுத்தார். இனி என் பொறுப்பு. முகத்தில் ஊதினேன். பலூன் உடைத்தேன். "பாம்பு!" என்று கத்தினேன், அம்மாதான் கட்டில்மேல் ஏறினாள்.

"உன் வேலைய எவ்ளோ வருஷமா பாக்கறேன்" என்றார் அப்பா, இமைக்காமல்.

ஜூன் 16

தோல்வி. நாளைக்கழித்து வேதாசலம் மாமா அட்வான்ஸோடு வருகிறார்.

ஜூன் 17

கழனிக்குப் போனேன். அப்பா வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தார். போனை நீட்டினேன். வழக்கமான முட்டைக்கண். எனக்கு ஒரு குறும்பும் தோன்றவில்லை — எனக்கே! வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ப்பா, குத்தகைக்கு குடுக்காத. ப்ளஸ் ஒன்ல நான் கம்ப்யூட்டர் எடுக்கல. அக்ரி குரூப்பு கேட்டுருக்கேன், விவசாயம்."

"வெளாடாதடீ."

"வெளாடல. அம்மாகிட்டகூட சொல்லல."

என் முகத்தில் சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினார். ரொம்ப நேரம் தேடினார். இல்லை.

சிமிட்டினார். ஒரு தரம் இல்லை, படபடவென்று.

போனில் பச்சை டிக் விழுந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம்.

ஜூன் 18

வேதாசலம் மாமா காபி மட்டும் குடித்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு என் குரூப் விஷயம் தெரிந்துவிட்டது. மறுபடியும் செருப்பு. இந்த முறை வேண்டுமென்றே குறியைத் தவறவிட்டாள்.

ஜூலை 20, ஞாயிறு

பணம் போன வாரம் வந்தது. இன்று விதைப்பு. ஷஹீன் அக்காவும் வந்திருந்தார், எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார். நான் அழகு. அம்மா அதைவிட. அப்பாவுக்குக் கண் மூடியிருந்தது.

"இன்னொன்னு எடுக்கட்டாண்ணா?"

அப்பா போனை வாங்கிப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா" என்றார். என் பக்கம் திரும்பி, "மழை வருது, விதைய எடு."