நீ சொன்னதாக நான் சொன்ன உப்பு

அன்புள்ள மகளுக்கு உன் சித்தப்பா எழுதுவது. நான் இங்கே கருங்கல் மாதிரி இருக்கிறேன், நீ அதில் பாதியாவது இருக்கிறாயா என்று எழுது. போன வாரம் டாக்டர், இந்த வயசில் இப்படியொரு நெஞ்சா என்று நர்சுகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், பத்துப் பேர் வந்து பார்த்தார்கள், சரி, இரண்டு பேர். மாடிப்படி ஏறும்போது மட்டும் பாதியில் நின்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கிறேன், மூச்சுக்காக இல்லை, வேடிக்கைக்காகத்தான். உன் அறை ஃபேனைத் தினமும் ஒரு தடவை போட்டு அணைக்கிறேன், சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடும்.

சங்கதி என்னவென்றால், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு கடை திறந்திருக்கிறார்கள், புகை போட்ட மீன்தான் அங்கே விசேஷம். பின்னால் இரும்பு பீரோ மாதிரி ஒன்று, அதற்குள் மீன்களை வாலில் கட்டித் தொங்கவிட்டு, கீழே மரத்தூளைப் புகையவிடுகிறார்கள். சனிக்கிழமை காலையில் அதன் கதவைத் திறந்தால் தெருவுக்கே மூக்கு நீளும். தோலோ தேய்த்து வைத்த பித்தளை நிறம், சதை இதழ் இதழாகப் பிரியும். என் நாக்கில் வைத்துப் பார்க்காமல் கடைக்கார அம்மா வியாபாரத்தையே தொடங்குவதில்லை. அந்த மரத்தூள் யோசனையே என்னுடையது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள், நானும் மறுப்பதில்லை.

அங்கே சுவரோரம் ஒரு பெஞ்சு உண்டு. வீட்டுக்கு வாங்கி வந்தால் வாசம் மூன்று நாள் நிற்கும், மூன்று நாளும் என்னோடு ஒரு வார்த்தை பேசாது, அதனால் அங்கேயே உட்கார்ந்து தின்கிறேன். முதல் வாரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முள் எடுத்தேன், தட்டைப் பார்த்தால் நல்ல சதையெல்லாம் அந்தப் பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், நான் தின்றது தலையும் ஓரமும்தான். அண்ணனும் அண்ணியும் போன பிறகு ஐந்து வயசில் என்னிடம் வந்தாயே, அன்றைக்குப் பழகின கை, நீ போய்ப் பதினோரு வருஷம் ஆனதை அதற்கு யார் சொல்வது. கடைக்கார அம்மா பார்த்துவிட்டு, யாருக்குண்ணா எடுத்து வைக்கிறீங்க என்று கேட்டாள். என் வாய் சும்மா இருக்குமா, எம் மக வர்றா, பெரிய ஆபீசு, அவ கையசைச்சா நானூறு பேர் நிப்பாங்க, அடுத்த சனிக்கிழமை இங்கதான் என்று சொல்லிவிட்டேன். உன் ஆபீசு அறையில் நாலு பேர்தான் வேலை பார்க்கிறீர்கள், தெரியும், பக்கத்தில் இரண்டு சைபர் போட்டேன். அவளும் வாராவாரம் பெரிய மீனாக ஒதுக்கி வைத்துக்கொண்டு, எங்கண்ணா உங்க மகாராணி, மீனே கேக்குது பாருங்க என்று கிண்டல். ஏழு வாரம் சமாளித்தேன். நீயோ இந்த வருஷமும் லீவு இல்லை என்று எழுதிவிட்டாய். எட்டாம் வாரம் பொட்டலத்தை வீட்டுக்கு வாங்கிப் போய், மறுநாள் வந்து, வந்தா, சாப்பிட்டா, அவசரமா கிளம்பிட்டா என்றேன். அவளுக்கு முகமெல்லாம் பல், என்ன சொன்னாங்க, உள்ளதைச் சொல்லுங்க என்று விடவில்லை. வெறுமனே நல்லாருக்குன்னா நம்பமாட்டாள் என்று, உப்பு ஒரு கை தூக்கல்னு சொன்னா என்று ஒரு போடு போட்டேன்.

வந்தது வினை. பெரிய இடத்துப் பொண்ணு சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று உப்பைக் குறைத்துவிட்டாள். இப்போது மீன் சப்பென்று இருக்கிறது, நான் ஆகா ஆகா என்று விழுங்குகிறேன். கொஞ்சம் கூட்டலாமே என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன், என்னண்ணா, சொந்த மகளையே விட்டுக்கொடுக்கிறீங்க என்று என்னையே கடிந்துகொண்டாள். என் பேச்சு இனி எடுபடாது, நீ வந்து சொன்னால்தான் உண்டு. பெரிய லீவெல்லாம் வேண்டாம், ஒரு சனிக்கிழமை போதும். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார், முள்ளை நான் எடுக்கிறேன், நீ ஒரு வாய் தின்றுவிட்டு உப்புப் பத்தலை என்று சொல். அந்த நானூறு பேர் விஷயத்தில் மட்டும் காட்டிக்கொடுக்காதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நூறு வருஷம் நீ நன்றாக இருக்க வேண்டும். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள், ஏழாம் வகுப்பு வாத்தியாருக்கு எனக்குச் சொல்லித்தர ஒன்றும் பாக்கியில்லாததால் ஆறாவதோடு நின்றவன் நான். பெரிய மீன் இந்த வாரமும் உன் பேருக்குத்தான் தொங்குகிறது, மறந்துவிடாதே.

தட்டின் இந்தப் பக்கத்திலிருந்து,
உன் சித்தப்பா