பழைய மின் நிலையத்தை எப்போது இடிப்பது

என்னங்க,

நான் காட்டுப்பாக்கத்துக்கு, சுகந்தி வீட்டுக்குப் போகிறேன். சொன்னால் சண்டை வரும், அதனால் எழுதி வைக்கிறேன். கத்தரிக்காய்க் குழம்பைச் சூடுபண்ணிக்கொள்ளுங்கள். வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு ஜமீலாவிடம் கொடுங்கள்.

நம்மைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு அவள் போனதிலிருந்து, கம்ப்யூட்டர் விளையாட்டில் அவள் கட்டிய ஊரை நீங்கள்தான் நடத்துகிறீர்கள். அதிலிருக்கும் பழைய மின் நிலையம் வெடிக்கப்போகிறது, ஆனால் அவள் கட்டியதை இடிக்க மனம் வரவில்லை என்று தினமும் புலம்புகிறீர்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நேற்று ஜமீலா வீட்டு போனில் அவளையே கேட்டேன்.

"நைனா இன்னும் என் ஊரை வச்சிக்கினு கீறாரா?" என்றாள். அப்புறம் சொன்னாள்: "மொதல்ல புதுசு கட்டி, எல்லா ஊட்டுக்கும் கரண்ட் வரட்டும்மா. அதுக்கப்புறம் பழசை இடிக்கச் சொல்லு. முன்னாடியே இடிச்சா ஊரே காலியாயிடும்."

"நீயே வந்து சொல்லேன்டி" என்றேன்.

"வந்தா கதவு தெறப்பாரா?"

"தெறப்பாரு" என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன். உங்கள் இருவருக்கும் நடுவில் சேதி சுமந்து களைத்துவிட்டேன். சாயங்காலம் அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரை எதையும் இடிக்காதீர்கள்.

பார்வதம்

பால் கூடுதலாக வாங்கி வையுங்கள். மாப்பிள்ளை காபிதான் குடிப்பார்.

அந்த வார்த்தை உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். வேறு வார்த்தை தேட எனக்குத் தெம்பில்லை.